கடைமடைச் சபையின் கைப்பிடி அரிசி

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அதிகம் ஒட்டியிருக்கும் வசனம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடலாம். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு." வாசல் நிலைக்கு மேலே இருக்கும், காலண்டரில் இருக்கும், ஆட்டோவின் பின்கண்ணாடியில் இருக்கும். பொறையாறு பக்கம் எந்தத் தெருவுக்குள் நடந்தாலும் ஒரு வீட்டிலாவது கண்ணில் படும். பவுல் அப்போஸ்தலர் பிலிப்பி ஊர்ச் சபைக்கு எழுதின கடிதத்தில் வருவது, பிலிப்பியர் 4-ஆம் அதிகாரம், 13-ஆம் வசனம்.

அதற்கு முந்தைய இரண்டு வசனங்களை யாரும் ஒட்டி நான் பார்த்ததில்லை. அங்கே பவுல் பட்டினியைப் பற்றிப் பேசுகிறார். "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்கிறார். தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும். வயிறு நிறைந்திருக்கவும் தெரியும், பசியோடு இருக்கவும் தெரியும். எல்லாவற்றுக்கும் பெலன் உண்டு என்பது அதற்கு அப்புறம்தான் வருகிறது. பரீட்சைக்கும் வீடு கட்டவும் நாம் அந்த வசனத்தை எடுத்துக்கொள்கிறோம். அவர் சொல்லும்போது மனதில் இருந்தது சாப்பாடு இல்லாத நாள்.

இன்னும் கொஞ்சம் கீழே படித்தால் வேறொன்று தெரியும். பவுல் காவலில் இருக்கிறார். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் அவருக்கு உதவி அனுப்பியிருக்கிறார்கள். கொண்டுவந்த மனுஷன் நோய்வாய்ப்பட்டுச் சாகக் கிடந்து பிழைத்திருக்கிறார். அந்த உதவி வந்து சேர்ந்தது, நீங்கள் என் கஷ்டத்தில் பங்கெடுத்தது நல்ல காரியம், முன்பும் நான் தெசலோனிக்கேயில் இருந்தபோது நீங்கள்தான் அனுப்பினீர்கள் என்று பவுல் நன்றி சொல்கிறார். அனுப்பியவர்கள் வசதிக்காரர்களும் இல்லை. பிலிப்பி இருந்த மக்கெதோனியா நாட்டுச் சபைகள் கொடிய தரித்திரத்தில் இருந்துகொண்டே கொடுத்தார்கள் என்று கொரிந்தியருக்கு எழுதும்போது அவரே சொல்கிறார்.

மனநிறைவு என்றால் தனியாக உட்கார்ந்து ஆசையைக் குறைத்துக்கொள்வது என்றுதான் பெரும்பாலும் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பவுல் அதைப் பேசுவது, அடுத்தவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு எழுதிய கடிதத்தில். இந்த ஊருக்கு மருமகளாக வந்து, இந்தச் சபையில் இத்தனை வருஷம் இருந்து நான் புரிந்துகொண்டதும் அதுதான். கொடுக்கவும் வாங்கவும் பழகின மனுஷர்கள் நடுவில்தான் 'போதும்' என்கிற மனசு வருகிறது.

எங்கள் ஊர் கடைமடை. ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறந்தார்கள் என்று செய்தி வரும். நாலைந்து நாளில் கல்லணை திறப்பார்கள், மலர் தூவுவார்கள். அந்தத் தண்ணீர் காவிரியில் இறங்கி, வீரசோழன் ஆற்றில் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாகக் கடந்து எங்கள் வயலுக்கு வர வாரக்கணக்கில் ஆகும். சில வருஷம் வரவே வராது. மேல்மடையில் நடவு முடித்துக் களையெடுப்பார்கள். இங்கே நாற்றங்காலுக்கே தண்ணீர் இருக்காது. பஸ்ஸில் மயிலாடுதுறை போகும்போது ஜன்னல் வழியே பச்சையாகத் தெரியும் ஒவ்வொரு வயலும் மனசை அறுக்கும். மழைக்காலத்தில் இது தலைகீழாகிவிடும். எல்லா ஊர்த் தண்ணீரும் வடிந்து எங்களைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும். வேண்டாம் என்கிறபோது இடுப்பளவு நிற்கும். இப்படிப்பட்ட மண்ணில் ஒப்பிட்டுப் பார்க்கும் புத்தி ஒவ்வொருவர் ரத்தத்திலும் ஊறியிருக்கிறது. தண்ணீரில் தொடங்கி, சிங்கப்பூர் பணத்தில் டைல்ஸ் போட்ட வீடு, கல்யாணத்துக்குப் போட்ட நகை, கோயிலில் முன்வரிசையில் உட்காருகிறவர் புடவை என்று அது எல்லாவற்றுக்கும் போய்விடும்.

எங்கள் சபையில் வீட்டுக்கு ஒரு டப்பா உண்டு. பெண்கள் சங்கத்தில் கொடுப்பது. சிலர் வீட்டில் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலே அந்த டப்பா. சோறு வடிக்க அரிசி அளந்து எடுத்ததும், களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட வேண்டும். மாசத்தில் ஒரு ஞாயிறு எல்லாரும் டப்பாவைக் கோயிலுக்குக் கொண்டுவந்து ஒரே சாக்கில் கொட்டுவார்கள். கைப்பிடி அரிசி என்று பெயர். தமிழ்நாட்டில் பல சபைகளிலும் உள்ள பழக்கம்தான். சில இடங்களில் அதை ஏலம்விட்டுப் பணமாக்குவார்கள். எங்கள் ஊரில் அரிசியாகவே முடைப்பட்ட வீடுகளுக்குப் போகும். யாருக்குப் போகிறது என்று சபையில் வாசிப்பதில்லை. ஐயரம்மாவும் (போதகரை நாங்கள் ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா) சங்கத்தில் மூத்த இரண்டு பேரும் முடிவு செய்வார்கள்.

2021 ஜனவரி டெல்டாக்காரர்கள் யாருக்கும் மறக்காது. பொங்கலுக்கு முந்தைய நாட்களில் பெய்யக் கூடாத மழை பெய்தது. சம்பா முற்றி அறுப்புக்கு நின்ற நேரம். எங்கள் வயலில் கதிர் சாய்ந்து தண்ணீரில் படுத்துவிட்டது. இரண்டாம் நாள் போய்ப் பார்த்தால் படுத்த கதிரிலேயே நெல் முளைவிட்டிருந்தது. வெள்ளை வெள்ளையாகச் சின்ன முளை. வயலில் முளைத்த நெல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த நேரத்து வயிற்றெரிச்சல் தெரியும். அறுவடை இயந்திரத்தில் டயர் வண்டி சேற்றில் இறங்காது, செயின் வண்டிக்கு வாடகை அதிகம். அறுத்தாலும் கொள்முதலுக்குக் கேட்கும் 17 சதவீத ஈரப்பதத்துக்குள் காய வைக்க வெயில் இல்லை. பயிர் வைக்க வாங்கின நகைக் கடன் அப்படியே நின்றது. மகளுக்கு நர்சிங் காலேஜில் பணம் கட்ட வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் பேச்சையே குறைத்துவிட்டார்.

ஒரு சாயங்காலம் கோயில்பிள்ளையின் (கோயில் பணியாளரின்) மனைவியும் கோடி வீட்டுப் பெரியம்மாவும் வந்தார்கள். பெரியம்மா இடுப்பில் சாக்குப்பை. எனக்கு என்ன என்று உடனே புரிந்துவிட்டது. புரிந்ததும் முகம் சுண்டிவிட்டது.

"பெரியம்மா, எங்களுக்கு எதுக்கு? எங்களைவிடக் கஷ்டப்படுறவங்க இருக்காங்களே."

"இருக்காங்க. அவங்களுக்கும் போகுது. நீ பாத்திரத்தை எடு."

அவ்வளவுதான். ஜெபம் பண்ணவில்லை, வசனம் சொல்லவில்லை, ஆறுதல் பேசவில்லை. என் மாமியார் உள்ளேயிருந்து பெரிய அண்டாவைக் கொண்டுவந்து வைத்தார். பெரியம்மா கொட்டினார். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டு, வடிகால் அடைப்பை எப்போது எடுப்பார்கள் என்று பேசிவிட்டுப் போனார்கள்.

அந்த அரிசியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பத்து முப்பது வீட்டு அரிசி கலந்து கிடந்தது. மெலிசான ஆந்திரா பொன்னி இருந்தது, மோட்டா ரகம் இருந்தது, கொஞ்சம் பழுப்பாக ரேஷன் அரிசி இருந்தது. யாரோ வீட்டில் அன்றைக்குப் பச்சரிசிப் பொங்கல் வைத்திருக்க வேண்டும், அதுவும் இருந்தது. அப்படிப்பட்ட அரிசியைச் சோறாக வடிப்பது சாமானியமில்லை. பச்சரிசி குழைந்து கஞ்சியாகிவிடும், அதே நேரத்தில் மோட்டா அரிசி நடுவில் வெள்ளைப் பொட்டோடு விறைத்து நிற்கும். தண்ணீர் வைக்கும் கணக்கு எதுவும் பிடிபடாது. அத்தைதான் வழி சொன்னார். ராத்திரியே ஊற வைத்து, காலையில் நிறையத் தண்ணீர் விட்டு, அடுப்பைத் தணித்து, மூடாமல் கஞ்சியாகக் காய்ச்சச் சொன்னார். உப்பு, கொஞ்சம் வெந்தயம், நாலு பல் பூண்டு. அந்த மாசம் எங்கள் வீட்டில் காலைக்கு அதுதான். டப்பாவில் நான் போட்ட பிடியும் அந்தச் சாக்கில்தான் இருந்திருக்கும்.

முதல் நாள் அந்த அரிசியை ஊற வைக்க எடுத்தபோதே அத்தை அதிலிருந்து ஒரு பிடி அள்ளி டப்பாவில் போட்டார். "இதிலேயுமா அத்தை?" என்றேன். "இது மட்டும் அரிசி இல்லையா" என்றார். கொடிய தரித்திரத்தில் கொடுத்த மக்கெதோனியாக்காரர்களைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சபையில் ஒருத்தி என் அடுப்படியில் நின்றாள்.

வாங்குவது கொடுப்பதைவிடக் கஷ்டம். கொடுக்கும்போது நம் கை மேலே இருக்கிறது. வாங்கும்போது நமக்கு இல்லை என்பதை நாலு பேர் அறிய ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனால் ஒப்புக்கொண்ட பிறகு ஒரு பெரிய பாரம் இறங்கியது. இருப்பதுபோல் காட்டிக்கொள்ள வேண்டிய வேலை முடிந்துபோனது. அதற்கு முன்னால் எந்த ஜெபத்திலும் கிடைக்காத நிம்மதி எனக்கு அந்த வாரத்தில் கிடைத்தது. கடன் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்கவில்லை.

எங்கள் லுத்தரன் சபைகளில் திடப்படுத்தலுக்கு, அதாவது முழுச் சபை அங்கத்தினராவதற்கு, படிக்கும் பிள்ளைகள் லுத்தரின் சிறிய ஞானோபதேசம் என்கிற கேள்வி-பதில் புத்தகத்தை மனப்பாடம் செய்வார்கள். 1529-இல் அவர் குடும்பத் தலைவர்கள் வீட்டில் சொல்லிக்கொடுப்பதற்காக எழுதினது. பரமண்டல ஜெபத்தில் அன்றன்றுள்ள அப்பத்தைத் தாரும் என்று கேட்கிறோமே, அப்பம் என்றால் என்ன என்று அதில் ஒரு கேள்வி வரும். பதில் நீளமானது. சாப்பாடு, துணி, செருப்பு, வீடு, வயல், மாடு, பணம், நல்ல அரசாங்கம், நல்ல பருவநிலை, சமாதானம், சுகம், நல்ல நண்பர்கள், உண்மையுள்ள அயலார் என்று போகும். மகளுக்கு இதை நான்தான் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டேன். அப்போதெல்லாம் வரிசை தவறாமல் சொல்கிறாளா என்பதில்தான் என் கவனம். அந்த ஜனவரியில் அந்தப் பட்டியல் வேறு மாதிரி தெரிந்தது. அந்த வருஷம் பருவநிலை கிடைக்கவில்லை. அயலார் கிடைத்தார்கள். இரண்டையும் ஒரே அப்பத்துக்குள் வைத்திருக்கிறார் அவர். ஒன்று தவறினால் இன்னொன்று வயிற்றுக்கு வந்து சேர்கிறது என்பதை நான் சாப்பிட்டே பார்த்துவிட்டேன்.

எங்கள் சபையின் தொடக்கமே இப்படித்தான். சீகன்பால்கு என்கிற ஜெர்மன் மிஷனரி 1706 ஜூலை 9-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். அவரை அனுப்பியது டென்மார்க் ராஜா. ஆனால் இங்கிருந்த டேனிஷ் தளபதியே அவரைப் பிடித்து டேன்ஸ்பர்க் கோட்டையில் நாலு மாசம் அடைத்துவைத்தார். புதிய ஏற்பாட்டை அவர் தமிழில் மொழிபெயர்த்து 1715-இல் அச்சிட்டு முடித்தார். அந்த அச்சு இயந்திரம் லண்டனிலிருந்து ஒரு கிறிஸ்தவச் சங்கம் அனுப்பிய காணிக்கை. அதற்கான முதல் தமிழ் எழுத்துகள் ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்து வந்தவை. ஹாலேக்குப் பணம் வந்ததோ, தரங்கம்பாடி எங்கே இருக்கிறது என்றே அறியாத எத்தனையோ சாதாரண மனுஷர்களின் கையிலிருந்து. 1718-இல் புதிய எருசலேம் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார்கள். அடுத்த வருஷமே 36 வயதில் அவர் இறந்தார். அங்கேதான் அடக்கம். கல்லறைக்குப் பக்கத்தில் நிற்கும்போது எனக்கு அந்தக் காணிக்கைகள் நினைவுக்கு வரும். மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன் என்ற வார்த்தை எங்கள் ஊருக்கு அச்சில் வந்ததே யாரோ கொடுத்து, ஒருவர் வாங்கிக்கொண்டதால்தான்.

இந்த இடத்தில் இரண்டு விஷயங்களை மனசுவிட்டுச் சொல்ல வேண்டும்.

ஒன்று, ஆசீர்வாதக் கூட்டங்கள். மைதானத்தில் பந்தல் போட்டு, விதைக்கிற காணிக்கை கொடு, நூறு மடங்கு அறுப்பாய் என்று பிரசங்கிக்கிறார்கள். விவசாயிக்கு விதைப்பது என்றால் என்ன என்று தெரியும். நல்ல விதை, நல்ல எரு, ராத்திரி பகல் காவல் எல்லாம் இருந்தும் பயிர் போன வருஷங்கள் இந்த மண்ணில் உண்டு. சாய்ந்த பயிரைப் பார்த்து அழுதுகொண்டிருப்பவரிடம் உன் விசுவாசத்தில் குறை என்று சொல்வது கொடுமை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படிச் சொல்லக் கேட்டு, அந்த அம்மா மாசக்கணக்கில் தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டிருந்தார். பவுலுக்கு விசுவாசக் குறை என்று யாராவது சொல்வார்களா? அவர் பட்டினி கிடந்தாரே.

இன்னொன்று இதைவிடப் பெரியது. மனநிறைவைப் பற்றி யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 1968 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் ராத்திரி, இதே காவிரிப் படுகையில் கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். எல்லாரும் தலித் கூலி விவசாயக் குடும்பத்தினர். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டு எழுந்த போராட்டத்தில் நடந்தது அது. அந்த மனுஷர்களிடம் போய் 'உள்ளது போதும் என்றிருங்கள்' என்று ஒருவர் வேதத்தைத் திறந்து காட்டினால், அவர் வேதத்தைப் படிக்கவில்லை என்று அர்த்தம். வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் கர்த்தரின் காதில் விழுந்தது என்று யாக்கோபு எழுதியிருப்பதும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. எங்கள் சபைகளும் இதில் சுத்தமில்லை. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் தஞ்சாவூர், தரங்கம்பாடி சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்கார்ந்திருந்தார்கள். ஒரே அப்பத்தில் பங்கெடுக்க வந்த இடத்தில் அப்படி. போதும் என்கிற மனசை மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குப் போதிக்க முடியாது. தனக்குச் சேர வேண்டியதைக் கேட்கிறவரைக் கேட்க விட வேண்டும், கூட நின்று நாமும் கேட்க வேண்டும். அத்தை நடவுக் கூலியை அன்றன்றைக்குச் சாயங்காலமே எண்ணிக் கொடுத்துவிடுவார். நாளைக்கு என்ற பேச்சு அவரிடம் கிடையாது. அந்தக் கூலியைக் கொடுக்காமல் இரவு ஜெபத்துக்கு உட்கார மாட்டார்.

அறுப்பின் பண்டிகையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது முழுமையாகாது. அறுவடை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயில் வாசனையே மாறிவிடும். பலிபீடத்துக்கு முன்னால் நெற்கட்டு, கரும்பு, வாழைத்தார், பரங்கிக்காய், உளுந்து மூட்டை, கால் கட்டின சேவல், டிபன் டப்பாவில் முட்டை, தைத்துக் கொண்டுவந்த தலையணை உறை. நிலம் உள்ளவர்கள் விளைந்ததைக் கொண்டுவருவார்கள். இல்லாதவர்கள் கொல்லையில் காய்த்ததை, கையால் செய்ததை. ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் ஏலம். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர்தான் எங்களுக்கு ஏலம் போடுவார். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று அவர் இழுக்கிற இழுப்பில் பிள்ளைகள் கத்துவார்கள்.

நான் வந்த புதிதில் எனக்கு இது விளங்கவே இல்லை. சந்தையில் முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும் பரங்கிக்காய் இருநூறுக்குப் போகும். வாங்கினவர் அதைத் தூக்கிக்கொண்டு போக மாட்டார். "திரும்ப ஏலத்துக்கு" என்று மேசையில் வைப்பார். இன்னொருவர் நூற்றைம்பதுக்கு எடுப்பார். அவரும் வைப்பார். ஒரே காய் ஐந்தாறு கை மாறும். தஞ்சாவூர் டவுனில் வளர்ந்த எனக்கு, வாங்கின பொருளை ஏன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை என்றுதான் தோன்றும்.

பயிர் சாய்ந்ததற்கு அடுத்த வருஷப் பண்டிகையில் ஒன்று பார்த்தேன். எங்கள் வயலில் நடவுக்கு வரும் ஒரு அக்கா மூன்று நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்து வைத்திருந்தார். நாங்கள் ஒரு கட்டு நெல் வைத்திருந்தோம், நன்றாக விளைந்த கட்டு. அதை ஏலம் போட்டதும் அந்த அக்கா கையைத் தூக்கினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வாத்தியார் கொஞ்சம் நிறுத்தி, வேறு யாராவது கேட்கிறார்களா என்று பார்த்தார். யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அறுபது ரூபாய்க்கு அந்தக் கட்டு அவருக்குப் போனது. அவர் அதைத் திரும்ப ஏலத்துக்கு வைக்கவில்லை. தலையில் தூக்கிக்கொண்டார். "நான் நட்டது அக்கா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அவருடைய முட்டையை ஏலத்தில் என் வீட்டுக்காரர் எடுத்தார். மழைக்கு அப்புறம் அவர் அப்படிச் சத்தமாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். எண்பது, நூறு, நூற்றிருபது என்று ஐயரோடேயே போட்டி போட்டார்.

இப்போது எங்கள் கோயில் தூணிலும் க்யூஆர் கோடு ஒட்டியாகிவிட்டது. காணிக்கையை போனிலேயே போட்டுவிடலாம். சங்கத்தில் இளம் பெண்கள் சிலர், கைப்பிடி அரிசியையும் நிறுத்திவிட்டு மாசம் இவ்வளவு என்று பணமாக அனுப்பிவிடலாம் என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டப்பாவில் வண்டு விழுகிறது. சாக்கு தூக்க ஆள் இல்லை. வாங்குகிற வீட்டுக்கும் கலந்த அரிசியைவிட ஒரே ரக அரிசியாக நல்லதாக வாங்கிக்கொள்ள பணம் உதவும். மருந்துச் செலவு, ஸ்கூல் பீஸ் என்று வரும்போது பணம்தான் வேண்டும், அதற்குத் தனியாக ஒரு நிதி தொடங்கலாம் என்று நானும் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அரிசியை நிறுத்தக் கூடாது என்பதுதான் என் கட்சி. பணம் என்று வந்தால் இருக்கிற வீடு அனுப்பும், இல்லாத வீடு வாங்கும். இரண்டும் இரண்டு வீடாகிவிடும். டப்பா அப்படியில்லை. உதவி அரிசி வாங்கின வீட்டு அடுக்களையிலும் அது இருக்கிறது, அந்த வீடும் மறுநாள் ஒரு பிடி போடுகிறது. என் மகள் சென்னையில் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறாள், மூன்று பெண்களாக ஒரு ரூம் எடுத்துச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அங்கேயும் ஒரு டப்பா வைத்திருக்கிறாள், ஊருக்கு வரும்போது பையில் கட்டிக் கொண்டுவந்து சாக்கில் கொட்டுகிறாள். அவள் கூட இருக்கும் பெண்களில் ஒருத்தி இந்து, அவளும் சேர்ந்து போடுகிறாளாம். வருகிற சங்கக் கூட்டத்தில் இதையெல்லாம் சொல்லப்போகிறேன். வண்டுக்கு வேப்பிலை போட்டால் போதும் என்றும் சொல்ல வேண்டும். சாக்கு தூக்க என் வீட்டுக்காரர் வருவார், கேட்டுவிட்டேன்.